மாசிபத்திரி: தொட்டில்ல கட்டலாம், கஷாயம் வச்சு குடிக்கலாமா?

கேள்வி கேட்ட தங்கச்சி நுவரெலியா பக்கம் ஒரு தேயிலை தோட்டத்துல லயத்துல, அதான் வரிசையா கட்டின தொழிலாளர் வீட்டுல, இருக்காங்க. லயத்துக்கு பின்னால கான் (தண்ணி ஓடுற வாய்க்கா) ஓரம் பூராவும் மாசிபத்திரி மண்டி கெடக்காம். அவங்க அம்மாயி அத ஒடிச்சு மூத்த புள்ளையோட தொட்டில்ல கட்டுறாங்க, தலகாணிக்குள்ள வச்சு தச்சா கெட்ட கனவு வராதுங்குறாங்க, பூச்சிக்கும் மாசாமாசம் வர்ற வயித்து வலிக்கும் கஷாயம் வச்சு குடிக்க சொல்றாங்க. போதாததுக்கு மச்சான் ஒருத்தரு இதுலருந்துதான் மலேரியா மருந்தே எடுக்குறாங்க, அதுக்கு நோபல் பரிசு கூட குடுத்தாங்கன்னு வேற சொல்லி வச்சிருக்காரு. இதுல எது மெய் எது பொய், நான் இப்ப மூணு மாசம் முழுகாம இருக்கேன், குடிக்கலாமான்னு கேட்டிருக்காங்க.

கடைசிலருந்து வர்றேன். குடிக்காதீங்க. ஒரு வாய் கூட வேணாம். மாசிபத்திரி காலங்காலமா எதுக்கு பேர் போனதுன்னா நின்னு போன தீட்ட வரவைக்கிறதுக்கு. சித்த வைத்தியத்துலயும் சரி, ஐரோப்பா பக்கத்து பழைய மருத்துவச்சிங்க கிட்டயும் சரி, இந்த வேலைக்குத்தான் குடுத்திருக்காங்க. வயித்துல புள்ள இருக்குறப்ப அந்த வேல என்னத்துல போய் முடியும்னு நான் வெளக்கி சொல்ல தேவையில்ல. இதுல துஜோன்னு ஒரு எண்ணெய் சத்து இருக்கு, அது செடிக்கு செடி எடத்துக்கு எடம் அளவு மாறும், ஒரு கைப்பிடி இலைல எவ்வளவு எறங்கும்னு எந்த வைத்தியராலயும் கண்ணால பாத்து சொல்ல ஏலாது. ஏற்கனவே குடிச்சிருந்தீங்கன்னா பயந்து ஒளிக்காம கிளினிக்குல மிட்வைஃப் கிட்ட சொல்லிருங்க. ரத்தம் பட்டாலோ வயிறு இழுத்து புடிச்சாலோ 1990க்கு அடிச்சு அம்புலன்ஸ் கூப்பிடுங்க, காசு எடுக்க மாட்டாங்க. புள்ள பொறந்து பால் குடுக்குற காலத்துலயும் இது வேணாம்.

இனி மத்தது. நான் தோட்டத்து மருந்து காம்பராவுல, அதான் மருந்து குடுக்குற எடத்துல, வேல செஞ்சு ரிட்டயரான ஆளு, எங்க தாத்தா பேய் ஓட்டுற கோடாங்கி, அதனால இந்த செடிய ரெண்டு பக்கத்துலருந்தும் பாத்துருக்கேன், கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன் பொறுத்துக்கங்க.

மொதல்ல செடி அதுதானான்னு பாருங்க. மாசிபத்திரி இலை செவ்வந்தி இலை மாதிரி வெட்டு வெட்டா இருக்கும், மேல்பக்கம் கரும்பச்ச, திருப்பி பாத்தா அடிப்பக்கம் வெள்ளையா பஞ்சு ஒட்டி கெடக்கும், நகத்தால சொரண்டினா அந்த பஞ்சு சுருண்டு வரும். தண்டு கொஞ்சம் செவப்பு ஓடி இருக்கும். கசக்குனா கற்பூரமும் பச்சக் கசப்பும் கலந்த ஒரு வாசம், கைய கழுவினாலும் சாயந்தரம் வரைக்கும் போகாது. இத ஏன் சொல்றேன்னா பார்த்தீனியம்னு ஒரு நாசம் புடிச்ச களை இருக்கு, அதோட இலையும் ஏறக்குறைய இதே வெட்டுத்தான், ஆனா அடிப்பக்கம் வெள்ள கெடையாது, வெள்ளப் பூ பொடிப்பொடியா பூக்கும். அத தொட்டாலே சிலருக்கு தோல் வெந்து போகும், அத போயி தொட்டில்ல கட்டினா என்னாகும். சிங்கள ஆளுங்க கிட்ட கேக்கணும்னா வல்கொலொந்துன்னு கேளுங்க, வயசான ஆளுங்க காட்டி குடுப்பாங்க.

தோட்டத்துல இது களை. அதுவும் சாதாரண களை இல்ல. மண்ணுக்கு அடில வேர்த்தண்டு ஓடிக்கிட்டே போகும், சொரண்டியால வெட்டினா ஒரு துண்டு நாலு துண்டாகி நாலும் மொளைக்கும். முள்ளுப் போட்டு கிண்டி வேரோட எடுத்து வெயில்ல காயப்போட்டாத்தான் சாகும், மழ காலத்துல அதுவும் சாகாது. புல்லு வெட்டப் போன ஆளுங்கள கேட்டுப் பாருங்க, இந்த செடிக்கு அவங்க வைக்கிற பேர இங்க எழுத ஏலாது.

சரி மந்திரத்துக்கு வர்றேன், உங்க அம்மாயி சொல்றதுல முக்கால்வாசி அதுதானே.

நம்ம மலைல ஒரு கொற இருக்கு, வேப்பமரம் இல்ல. வேம்பு வெயில் மரம், காஞ்ச பூமி மரம், நுவரெலியா குளிர்ல நட்டு வச்சாலும் வளராது. மாரியம்மன் திருவிழாவுக்கு தோரணம் கட்டணும்னா தம்புள்ள பக்கம் ஆள் அனுப்பி சாக்குல கட்டி கொண்டு வரணும். திருவிழாவுக்கு சரி, நடுராத்திரி புள்ள வீல்னு கத்தினா எங்க போறது வேப்பிலைக்கு? எங்க தாத்தாவுக்கு கான் ஓரத்து மாசிபத்திரிதான் வேப்பிலை. தாயி புள்ளைய தூக்கிக்கிட்டு இஸ்தோப்புல (வீட்டு முன் திண்ணைல) வந்து உக்காரும். தாத்தா மூணு கொத்து இல்லன்னா அஞ்சு கொத்து ஒடிப்பாரு, ரெட்டப்படை ஆகாது. சொம்புத் தண்ணில நனச்சு புள்ளையோட உச்சந்தலலருந்து கால் வரைக்கும் ஒடம்புல படாம எறக்குவாரு, ஒவ்வொரு தடவையும் வாசல் பக்கம் ஒதறுவாரு, வாய் முணுமுணுத்துக்கிட்டே இருக்கும். கடைசில அந்த கொத்த அடுப்புல போடச் சொல்லுவாரு. பட்பட்டுன்னு வெடிச்சா கண்ணு பட்டிருக்குன்னு அர்த்தம்.

எப்பவும் வெடிக்கும். எண்ணெய் சத்துள்ள பச்ச இலை, அதுவும் தண்ணில நனச்சது, அடுப்புல போட்டா வெடிக்காம என்ன செய்யும். ஆனா இத மட்டும் பாத்துட்டு தாத்தாவ ஏமாத்துக்காரருன்னு சொல்லிராதீங்க. இல எறக்குறப்பவே எடது கையால புள்ள வயித்த அமுக்கி பாப்பாரு, எப்ப வெளிய போச்சுன்னு கேப்பாரு, மூச்சு எழுப்புதான்னு காத வச்சு கேப்பாரு. ஒடம்பு கொதிச்சா தட்டுல வச்சிருந்த வெத்தலைய திருப்பி குடுத்துட்டு இது எங்கணக்கு இல்ல மருந்து காம்பராவுக்கு தூக்கிட்டு ஓடுன்னு வெரட்டுவாரு. இப்ப போன்ல பேசி 40,000 ரூவா 50,000 ரூவான்னு வாங்கிக்கிட்டு சூனியம் எடுக்குறேன் தகடு எடுக்குறேன்னு சொல்ற ஆளுங்களுக்கும் அந்த மாதிரி கோடாங்கிங்களுக்கும் சம்பந்தமே இல்ல. காசு கூட்டி கேக்குறவன் எவனா இருந்தாலும் போன வச்சிருங்க.

இது நம்ம ஆளுங்களுக்கு மட்டும் இருக்குற பழக்கம்னு நெனைக்காதீங்க. விநாயகர் சதுர்த்திக்கு 21 இலைல அர்ச்சன பண்ணுவாங்க இல்ல, அதுல மொதல் இலை மாசிபத்திரிதான், அருகம்புல் கூட அதுக்கு பின்னாலதான் வரும். இங்க இப்படின்னா, இங்கிலாந்துல 10ஆம் நூற்றாண்டு வாக்குல எழுதி வச்ச ஒரு மந்திரப் பாட்டு இருக்கு, வெசத்துக்கும் தொத்து வியாதிக்கும் ஒம்போது மூலிகைய கூப்பிட்டு கூப்பிட்டு பாடுறது. அதுலயும் மொதல்ல கூப்பிடுறது இந்த செடியத்தான், மூலிகைகள்லயே நீதான் மூத்தவன்னு சொல்லித்தான் ஆரம்பிக்கும். ரெண்டு ஊரும் ஒண்ணுக்கொண்ணு பாத்துக் கூட இருக்காது, எப்படி ரெண்டு பேரும் இதையே மொதல்ல வச்சாங்கன்னு நான் ரொம்ப நாளா யோசிக்கிறேன்.

ஐரோப்பால வெயில் காலத்து நடுவுல ஒரு திருவிழா, ஜூன் மாசம் 23, 24ல வரும். அன்னிக்கு இந்த செடிய அரணாக்கயிறு மாதிரி இடுப்புல பின்னி கட்டிக்கிட்டு ஆடி முடிச்சு, அத அவுத்து நெருப்புல போட்டுருவாங்க, அந்த வருஷத்து பீடையெல்லாம் அதோட போச்சுன்னு கணக்கு. நம்ம போகிக்கு பழச எரிக்கிறோமே, ஏறக்குறைய அந்த எண்ணம்தான். ரோமாபுரி காலத்துல பிளினின்னு ஒருத்தரு எழுதி வச்சிருக்காரு, வழிப்போக்கன் இந்த இலைய கூட வச்சிருந்தா அலுப்பே தெரியாதுன்னு, அத வச்சு பின்னால வந்தவங்க செருப்புக்குள்ள வச்சு நடந்திருக்காங்க. மன்னார்ல எறங்கி காட்டு வழியா மாத்தளை வரைக்கும் நடந்து வந்த நம்ம பாட்டன் பூட்டன்களுக்கு இத யாரும் சொல்லல. சொல்லியிருந்தாலும் வைக்க செருப்பு எங்க இருந்துச்சு.

எனக்கு ரொம்ப புடிச்சது சீனாக்காரங்க பழக்கம். அவங்க கணக்குல அஞ்சாம் மாசம் அஞ்சாம் நாள் ஒரு திருநாள், வெயிலும் மழையும் கலந்து பூச்சி பொட்டு காய்ச்சல்லாம் கெளம்புற நேரம். அன்னிக்கு வாசல்ல ரெண்டு செடிய சேத்து கட்டி தொங்க விடுவாங்க, ஒண்ணு மாசிபத்திரியோட சாதி, இன்னொண்ணு என்ன தெரியுமா, வசம்பு. நம்ம வீட்டுல புள்ள கையில கோத்து கட்டுற அதே வசம்பு! ஜப்பான்காரங்களும் அத பாத்து கூரை எறப்புல சொருகுறாங்க. பூச்சி வர்ற காலத்துல காரமான வாசம் உள்ள செடிய வாசல்ல வச்சா பூச்சி கொஞ்சம் கொறையும், பூச்சி கொறஞ்சா காய்ச்சல் கொறையும், காய்ச்சல் கொறஞ்சா பேய் வரலன்னு சொல்லுவாங்க. எல்லாத்தையும் இப்படி வெளக்கிற முடியாதுதான், ஆனா வாசல், தொட்டில், தலமாடு, புகைன்னு இந்த செடிய வைக்கிற எடத்த எல்லாம் பாருங்க, கொசு கடிக்கிற எடமும் அதேதான்.

இன்னொண்ணும் இருக்குன்னு நெனைக்கிறேன். நாக்கால தாங்க முடியாதத பேயாலயும் தாங்க முடியாதுன்னு ஒரு கணக்கு நம்ம மனசுல இருக்கு. இனிப்ப வச்சு சாமிய கூப்பிடுறோம், கசப்பையும் காரத்தையும் வச்சு கெட்டத வெரட்டுறோம். சர்க்கரப் பொங்கல் வச்சு பேய் ஓட்டி யாராவது பாத்துருக்கீங்களா.

அதனால உங்க அம்மாயி தொட்டில்ல கட்டுறத நான் தடுக்க மாட்டேன். ரெண்டு மூணு விசயம் மட்டும். புள்ள கைக்கு எட்டாத ஒசரத்துல கட்டுங்க, பல்லு மொளைக்கிற புள்ள எதையும் வாயில போடும். பூ விடுறதுக்கு முன்னாடி பறிச்ச கொத்தா இருக்கணும், இதோட பூந்தூள் மூச்சு இழுப்பு உள்ளவங்களுக்கு ஆகவே ஆகாது, ஐரோப்பால தும்மலுக்கு ஒரு முக்கிய காரணம் இது, இது ஒத்துக்காத சில பேருக்கு செலரி, கேரட், சில மசாலா சாமான் கூட வாய் அரிக்கும். தலகாணிக்குள்ள வைக்கிறதுன்னா பெரியவங்க தலகாணில மட்டும், நல்லா மொறுமொறுன்னு காஞ்சதா வைங்க, நம்ம மலை ஈரத்துல அரகொறையா காஞ்சத வச்சா பூஞ்சணம் புடிச்சு கனவுக்கு பதிலா இருமல்தான் வரும். கனவு நல்லதா வருமா? வெளிநாட்டுலயும் இதே கததான், இத தலமாட்டுல வச்சா வரப்போறது கனவுல தெரியும்னு சொல்லி காசுக்கு விக்கிறாங்க. வாசத்துக்கு கொஞ்சம் மனசு அடங்கும், அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

கைல கட்டுற வசம்புக்கும் ஒரு வார்த்த. கட்டலாம், கயிறு இறுக்காம, மணி கழண்டு விழாம பாத்துக்கங்க. சுட்டு ஒரைச்சு நாக்குல தடவுறத விட்டுருங்க, அதுல உள்ள அசரோன்ங்குற சத்து எலிக்கு புற்றுநோய் உண்டாக்குதுன்னு கண்டுபுடிச்சு அமெரிக்காவுல 1968லயே சாப்பாட்டுல சேக்கக்கூடாதுன்னு தட பண்ணிட்டாங்க.

புகை போடுறத பத்தி நீங்க கேக்கல, ஆனா அம்மாயி அடுத்து அதத்தான் சொல்லுவாங்க. காஞ்ச மாசிபத்திரி புகைக்கு கொசு வெலகும், அது நெசம். ஆனா நம்ம காம்பரா பத்துக்கு பன்னெண்டு, ஜன்னல் ஒண்ணு இருந்தா பெரிய காரியம், ஏற்கனவே வெறகு அடுப்பு புகை சொவர கறுப்பாக்கி வச்சிருக்கு, அதுக்குள்ள கைக்குழந்தைய வச்சுக்கிட்டு இன்னொரு புகை எதுக்கு. வெளிய கான் பக்கம் போடுங்க, இல்லன்னா கொசு வலை கட்டுங்க.

இப்ப பூச்சி மருந்து. இதுல அம்மாயி சொல்றது ஆதாரம் இல்லாத பேச்சு இல்ல, அதான் ஆபத்து. மாசிபத்திரியோட ஒண்ணுவிட்ட சொந்தம் ஒண்ணு மத்திய ஆசியா பக்கம் வளருது, அதோட மொட்டுலருந்து 1830ல சான்டோனின்னு ஒரு சத்த பிரிச்செடுத்தாங்க, அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல ஒலகம் பூரா நாக்குப்பூச்சிக்கு அதுதான் டொக்டர்மார் எழுதிக் குடுத்த மருந்து. அத சாப்பிட்டவங்களுக்கு பாக்குறதெல்லாம் மஞ்சளா தெரியும்! சுவர், சட்டை, ஆள் மூஞ்சி எல்லாம். அளவு கூடினா வலிப்பு வரும். நம்ம தோட்டங்களுக்கும் இந்த மாதிரி ஒரு கசப்பு மருந்து சர்க்கார் சீல் குத்தியே வந்துச்சு, 1916ல ராக்ஃபெல்லர் அறக்கட்டளைக்காரங்க மாத்தளை பக்கத்து தோட்டங்கள்ல கொக்கிப்புழு ஒழிக்கிற வேலைய ஆரம்பிச்சாங்க, கக்கூஸ் இல்லாம தேயிலைக்குள்ள போயி, வெறுங்காலோட அதே மண்ண மிதிச்சு, ரத்தம் வத்தி வெளுத்துப் போன சனம். அவங்களுக்கு குடுத்த மருந்துல ஒண்ணு கீனோபோடியம் எண்ணெய், அதுவும் ஒரு நாத்தம் புடிச்ச செடிலருந்து எடுக்குறதுதான். பூச்சி செத்துச்சு, ஆனா பூச்சிக்கும் மனுசனுக்கும் நடுவுல இருந்த எடவெளி ரொம்ப கொஞ்சம், அந்த எண்ணெய் குடிச்சு ஆளுங்க செத்ததும் ஒலகத்துல பல எடத்துல நடந்திருக்கு.

அந்த மருந்தெல்லாம் ஏன் கைவிட்டாங்கன்னா நல்லது வந்துருச்சு, அவ்வளவுதான். இப்ப மெபன்டசோல், அல்பன்டசோல் மாத்திர சும்மாவே குடுக்குறாங்க, பூச்சிய கொல்லும், மனுசனுக்கு அவ்வளவா ஒண்ணும் பண்ணாது. கர்ப்பத்துல மொத மூணு மாசம் தாண்டினதுக்கு அப்புறம் கிளினிக்குலயே பாத்து குடுப்பாங்க, நீங்களா வாங்கிப் போடாதீங்க. மூத்த புள்ளைக்கும் வயசு பாத்துத்தான் அளவு. கஷாயம் வச்சு புள்ளைக்கு சங்குல ஊத்துறது மட்டும் வேணவே வேணாம், பெரியவங்க தாங்குற கசப்ப சின்ன ஈரல் தாங்காது.

மச்சான் சொன்ன மலேரியா கதைக்கு வருவோம். அவரு பாதி சரி. நோபல் பரிசு 2015ல சீனாவுல தூ யூயூங்குற அம்மாவுக்கு குடுத்தாங்க, மலேரியா மருந்துக்குத்தான், செடிலருந்து எடுத்ததுதான். ஆனா அந்த செடி வேற, மாசிபத்திரியோட அதே சாதி, ஆர்டிமிசியா அனுவான்னு இன்னொரு இனம், வருஷத்துக்கு ஒருக்கா வளந்து சாகுற செடி. உங்க வீட்டு கான்ல நிக்கிறதுல மலேரியாவ கொல்லுற அளவுக்கு அந்த சத்து கெடையாது.

அந்த அம்மா கத நல்ல கத. வியட்நாம் யுத்தத்துல காட்டுக்குள்ள குண்டுல செத்த ஆளுங்களோட மலேரியால படுத்தவங்களும் நெறைய. 1967 மே 23ல சீனாக்காரங்க அதுக்கு மருந்து தேட ரகசியமா ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, அந்த தேதிய வச்சே 523ன்னு பேரு. பழைய வைத்திய ஏடெல்லாம் தேடி செடி செடியா வேக வச்சு பாத்தாங்க, இந்த செடி ஒரு தடவ வேல செய்யும், மறுதடவ செய்யாது. அப்பறம் 4ஆம் நூற்றாண்டு ஏடு ஒண்ணுல அந்த அம்மா ஒரு வரிய கவனிச்சாங்க, ஒரு கைப்பிடி செடிய தண்ணில ஊறப்போட்டு முறுக்கி சாறு எடுத்து குடின்னு இருந்துச்சு. வேக வைன்னு இல்ல! கொதிக்க வச்சா சத்து செத்துப் போகுதுன்னு அப்பத்தான் வெளங்குச்சு, 1971ல ஈத்தர வச்சு சூடு கொறச்சு எடுத்து பாத்தாங்க, எலிக்கும் கொரங்குக்கும் மலேரியா சுத்தமா நின்னுச்சு. கஷாயம் வைக்கிறதுன்னாலே தளதளன்னு கொதிக்க வைக்கிறதுதான்னு நெனைக்கிற நம்ம ஆளுங்க இந்த எடத்துல கொஞ்சம் நிக்கணும். இன்னிக்கு அந்த மருந்த தனியா குடுக்கவே மாட்டாங்க, இன்னொரு மருந்தோட சேத்துத்தான் மாத்திர, தனியா குடுத்தா கிருமி பழகிரும். அந்த செடிய வெறும் டீயா போட்டு குடிக்கிறத ஒலக சுகாதார அமைப்பே வேணாங்குது, இதே காரணத்துக்குத்தான்.

அது போக உங்களுக்கு மலேரியா மருந்து எதுக்கு? 1934, 35ல இந்த நாட்டுல கொள்ளையா வந்து கிட்டத்தட்ட 80,000 பேர வாரிக்கிட்டு போன காய்ச்சல்தான், கேகாலை குருநாகல் பக்கமெல்லாம் சுடுகாடா போச்சு. அப்பவும் நுவரெலியா மாதிரி ஒசரத்துல இருந்தவங்கள குளிர் காப்பாத்துச்சு. 2012 அக்டோபரோட உள்ளூர்ல மலேரியா பரவுறது நின்னுச்சு, 2016 செப்டம்பர்ல மலேரியா இல்லாத நாடுன்னு சர்டிபிகட்டே குடுத்துட்டாங்க. இப்ப காய்ச்சல்னா டெங்கு இருக்கலாம், எலிக்காய்ச்சல் இருக்கலாம், 2017ல மட்டும் 1,86,000 பேருக்கு மேல டெங்குன்னு கணக்கு. கர்ப்பிணி காய்ச்சல்ல படுத்தா கசப்பு தேடக்கூடாது, அன்னிக்கே ஆஸ்பத்திரி.

ஆனா மலேரியா கசப்புக்கும் நம்ம மலைக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கு, மச்சான் கிட்ட அத சொல்லுங்க. சீத்தாஎலிய அம்மன் கோயில் தாண்டி போனா ஹக்கல பூந்தோட்டம் வருமே, சனம் ரோசாப்பூ பாக்க போற எடம், அது 1861ல ஆரம்பிச்சதே சின்கோனா மரம் வளத்து பாக்கத்தான். அந்த மரத்துப் பட்டைலதான் கொய்னா, அந்தக் காலத்து மலேரியா மருந்து. 1869ல கோப்பிக்கு இலை நோய் வந்து தோட்டம் தோட்டமா செத்தப்ப தொரமார் பாதி பேரு சின்கோனா பக்கம் பாஞ்சாங்க, 1880கள்ல வருஷத்துக்கு ஒரு கோடி இறாத்தலுக்கு மேல பட்டை கப்பல் ஏறுச்சு, எல்லாரும் ஒரே நேரத்துல ஏத்தினதுல வெல விழுந்துச்சு, ஜாவாக்காரங்க இன்னும் நல்ல பட்டையோட வந்தாங்க, கத முடிஞ்சுது. அப்பறம்தான் மலை பூரா தேயிலை. பட்டை உரிச்ச கையும் நம்ம சனத்தோட கைதான், அத யாரும் பலகைல எழுதி வைக்கல.

மாச வலிக்கு வர்றேன். இப்ப உங்களுக்கு அந்த பிரச்சன இல்ல, ஆனா வீட்டுல மத்த பொம்பளப் புள்ளைங்க இருப்பாங்க. மாசிபத்திரி கர்ப்பப்பைய இழுத்து வேல வாங்கும்னு சொல்லித்தான் குடுக்குறாங்க, வலியே அது இழுக்குறதாலதான் வருது, அப்ப அத இன்னும் இழுக்க வச்சா வலி கொறையுமா கூடுமா? சுடுதண்ணி போத்தல் அடிவயித்துல வைங்க, இஞ்சித் தேத்தண்ணி குடுங்க, தாங்கலன்னா மாத்திர போடுங்க. ஸ்கூலுக்கு, வேலைக்கு போக முடியாத அளவுக்கு மாசாமாசம் வலிச்சா அது கஷாயத்துல தீர்ற சாமான் இல்ல, ஸ்கேன் பண்ணி பாக்கணும். வலிப்பு உள்ளவங்க, ரத்தம் எளக்குற மாத்திர எடுக்குறவங்க, செவ்வந்தி சூரியகாந்தி பூவெல்லாம் ஒத்துக்காம அரிக்கிறவங்க, இவங்க யாரும் இத வாயில வைக்கக்கூடாது.

பசி எடுக்கல, கசப்பு சாப்பிட்டா வயிறு சரியாகும்னு சொல்றது முழுப் பொய் இல்ல, கசப்பு நாக்குல பட்டா எச்சி ஊறும் வயித்துல சாறு சொரக்கும். அதுக்கு பாவக்கா இருக்கு, சுண்டங்கா இருக்கு. கசப்பு எவ்வளவு கூடவோ அவ்வளவு மருந்துன்னு ஒரு நம்பிக்க நம்ம கிட்ட ஊறிப்போய் கெடக்கு, ஆனா நாக்குல கசப்ப காட்டுற உணர்ச்சி இருக்குறதே வெசத்த துப்பத்தான், காட்டுல வெசச்செடி நெறைய கசக்கும். இந்த சாதிலயே ரொம்ப கசப்பான செடிய போட்டு அப்சிந்துன்னு ஒரு சாராயம் காச்சி பிரான்ஸ்காரங்க குடிச்சாங்க, ஆளுங்க வெறி புடிச்சு அலையுறாங்கன்னு 1915ல தட பண்ணாங்க. இப்ப பாத்தா அதுல பாதி பழி சும்மா சாராயத்து மேல போட வேண்டியதுன்னு சொல்லி துஜோனுக்கு ஒரு அளவு வச்சு திருப்பி விட்டுட்டாங்க. கடைல விக்கிறதுக்கு அளவு பாக்க லேப் இருக்கு. அடுப்புல கொதிக்கிற சட்டிக்கு?

ஒரு வேடிக்க சொல்றேன். கர்ப்பிணி இத குடிக்கக்கூடாதுன்னு சொன்னேன் இல்ல, சீன வைத்தியத்துல கர்ப்பிணிக்கே இத வேற விதமா குடுப்பாங்க. இல அடிப்பக்கம் வெள்ளப் பஞ்சு சொன்னேனே, அத சேத்து உருட்டி சுருட்டு மாதிரி ஆக்கி பத்த வச்சு, புள்ள தலகீழா திரும்பாம இருந்தா தாயோட கால் சுண்டுவெரல் நகத்து ஓரத்துல தோல்ல படாம சூடு காட்டுவாங்க, புள்ள திரும்பும்னு. இத வச்சு ஆராய்ச்சியும் பண்ணியிருக்காங்க, கொஞ்சம் பலன் இருக்கலாம்னுதான் பேச்சு. அம்மாயி கிட்ட இத சொல்லிறாதீங்க, தீக்குச்சிய எடுத்துட்டு வந்துருவாங்க. உங்களுக்கு மூணு மாசந்தான், புள்ள இன்னும் நூறு கரணம் போடும். கடைசி மாசத்துல திரும்பலன்னா ஆஸ்பத்திரில பாத்துப்பாங்க.

அம்மாயிய எப்படி சமாளிக்கிறதுன்னு நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். சண்ட போட்டா வேல நடக்காது, கஷாயம் வேணாம்னு சொன்னா பெரிய மனுசிக்கு மொகம் சுருங்கும். தொட்டில்ல கட்டுறது, வாசல்ல சொருகுறது, புள்ளைக்கு எறக்கி போடுறது, இதையெல்லாம் முழுசா அவங்க கையில குடுத்துருங்க, வெள்ளிக்கெழம சாயந்தரம் நீங்களே கொத்து ஒடிச்சு குடுங்க. உள்ளுக்கு மட்டும் மிட்வைஃப் அம்மா சொன்னபடின்னு சொல்லுங்க. நான் பாத்த வரைக்கும் பெருசுங்க கேக்குறது மரியாதைதான், கஷாயம் இல்ல.

கொத்து ஒடிக்கிற எடத்தையும் பாத்துக்கங்க. தேயிலை மலைல நிக்கிறத ஒடிக்காதீங்க. களைக்கு அடிக்கிற கிளைபோசேட்ட 2015ல தட பண்ணினாங்க, 2018ல தேயிலைக்கும் ரப்பருக்கும் திருப்பி விட்டாங்க, எந்த மலைல எப்ப அடிச்சாங்கன்னு கங்காணிக்குத்தான் தெரியும், அடிச்ச அன்னிக்கு செடி பச்சப்பசேல்னுதான் நிக்கும், வாடுறதுக்கு நாள் எடுக்கும். கான் ஓரத்துலயும் லயத்து அழுக்குத் தண்ணி ஓடும். அம்மாயிக்கு கட்டாயம் வேணும்னா ஒரு வேர்த்தண்டு துண்ட எடுத்து பழைய பெயிண்ட் வாளில நட்டு இஸ்தோப்பு ஓரத்துல வைங்க, வாளிக்கு அடில ஓட்ட போட்டா கீழ ஒரு தகரத்த போடுங்க, இல்லாட்டி ஓட்ட வழியா எறங்கி அடுத்த வருஷம் உங்க கீரப்பாத்தில நிக்கும்.